பட்டாளத்து டிரங்குப் பெட்டி

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனவர்கள் பட்டவராயனுக்குக் காணிக்கையாகத் தோல் செருப்பு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். பட்டவராயனாகக் கும்பிடும் முத்துப்பட்டனின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த சீமை இது. பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, பிறந்த குலத்தை விட்டு, மாமனாரின் தோல் வேலையையும் மாட்டுக் காவலையும் ஏற்றவன் அவன். களவு போன மாட்டை மீட்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். அவன் எத்தனை பேரை வெட்டினான் என்று கும்பிட வருகிறவர்கள் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மீட்கப் போனான் என்பது போதும். பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் பொருள். களவு போன ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நம் ஆட்கள் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் அவன் பெயரையும் செய்த காரியத்தையும் வெட்டி வைத்தார்கள்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவரை எதை வைத்து வீரர் என்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்தான் முன்னால் நிற்கிறது. போர்க்களத்தில் காட்டிய வீரத்தை அளக்க அரசாங்கத்திடம் அளவுகோல் இருக்கிறது. பரம் வீர் சக்ராவில் தொடங்கிச் சேனா பதக்கம் வரை வரிசையாக உண்டு. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. 15 வருஷமோ 24 வருஷமோ சேவை முடித்து, பச்சைப் பையோடு நெல்லை ஜங்ஷனில் இறங்கிய ஆயிரக்கணக்கான பேரில், ஊருக்கு யார் வீரர்? என் கணக்கு இதுதான். இறந்துபோன இன்னொரு பட்டாளத்துக்காரரின் மனைவிக்குச் சேர வேண்டியதை, ஒரு ரூபாய் வாங்காமல், கடைசிக் காகிதம் வரை நின்று மீட்டுக் கொடுப்பவர்தான் வீரர். நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு, ஆலங்குளம் என்று நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கிளார்க் டிரேடில் இருந்த ஹவில்தார்களும் சுபேதார்களும்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. அந்த வேலையை அதன் நுணுக்கத்தோடு எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

வேலை துவங்குவது ஒரு பெட்டியில். பட்டாளத்து வீடு ஒவ்வொன்றிலும் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். அவர் இருந்தவரை சாவி அவர் இடுப்பில். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விஷயம் தெரிந்தவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து முதலில் கேட்பது இதைத்தான்.

"மதினி, அண்ணாச்சி பெட்டிச் சாவி எங்க?"

"இந்தா இருக்கு தம்பி. அவுக இருக்கையில நான் அதைத் தொட்டதே கெடையாது."

"ஏடிஎம் கார்டு யார்ட்ட இருக்கு?"

"பெரியவன்ட்ட."

"அதை வாங்கி உள்ள வைங்க. இனி அதுல ஒத்த ரூவா எடுக்கக் கூடாது."

இந்தக் கடைசி வரியில்தான் அனுபவம் இருக்கிறது. இறந்த செய்தி ஓய்வூதிய அமைப்புக்குப் போகாதவரை மாதாமாதம் பென்ஷன் அதே கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். மகன்கள் காரியச் செலவுக்கென்று எடுப்பார்கள். பிறகு அந்தத் தொகை முழுவதும் அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்கப்படும். எடுத்தவர் ஒருவர், கழிவது இன்னொருவர் பணம்.

பெட்டிக்குள் தேட வேண்டியவை: பணி முடிந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ என்கிற ஓய்வூதிய ஆணையும் அதற்குப் பின் வந்த திருத்த ஆணைகளும், இ.சி.எச்.எஸ் மருத்துவ அட்டை, கேண்டீன் அட்டை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, குரூப் இன்ஷூரன்ஸ் சான்றிதழ். ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் ஓய்வுக்குப் பிறகும் குறிப்பிட்ட காலம் வரை நீளும் காப்பீடு ஒன்று உண்டு. ஓய்வு பெறும்போதே அதற்குப் பணம் பிடித்திருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. அந்தச் சான்றிதழ் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே கிடக்கும்.

பெட்டியைக் கரையான் தின்றிருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்தே போயிருந்தால், கை விட்டுவிடக் கூடாது. பதக்கங்களை எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். சேவைப் பதக்கங்களின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்தாலும் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடியும். அந்த நம்பர் ஒன்று போதும், படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் அவருடைய ஏட்டைத் தேடி எடுக்க. பெட்டி மூடியின் வெள்ளை எழுத்தையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். மெடலைத் தேய்த்து வைக்காதீர்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு அழகு காரணம் இல்லை, இந்த எழுத்துதான் காரணம். புத்தகம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து அந்த ரசீதும் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதினால், அதற்கு ஈடான சான்று கொடுப்பார்கள்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்று தெரியாமல் டெல்லிக்கு எழுதிக் காலத்தைக் கழிப்பவர்கள் அதிகம். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான ஈ.எம்.ஈ செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ, பாதுகாப்புக் காவல் பிரிவான டி.எஸ்.சி கண்ணூர். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் சீட்டா கேம்ப். விமானப் படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப், கூடங்குளத்திலும் மகேந்திரகிரியிலும் நாம் பார்க்கும் சி.ஐ.எஸ்.எஃப் எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஊரில் எல்லோரையும் மிலிட்டரி என்றே சொன்னாலும், அவர்களுடைய ஓய்வூதிய வழி வேறு. படைவீரர் நல அலுவலகத்தில் வந்து நின்றால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது, அதில் எந்தப் பெயரை எழுதுவது என்பது. ஊரில் அவர் 'பட்டாளத்து மாடசாமி'. ஆதாரில் 'மாடசாமி'. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'சுடலை மாடசாமி'. வி.ஏ.ஓ முன்னால் நிற்கிற மருமகன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடுவான். அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். விஷயம் தெரிந்தவர் அன்றே டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூடப் போவார். அந்த ஒரு நடை, பின்னால் வரக்கூடிய இருபது நடையை மிச்சப்படுத்தும்.

பெயர்ச் சிக்கல் நம் சீமைக்கே உரிய கொடுமை. இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐ போட்டும் எழுதலாம், ஈ போட்டும் எழுதலாம். ஒரு கே, இரண்டு கே. ஒரு எம், இரண்டு எம். அம்மாள், அம்மா, அம்மை. பேச்சியம்மாள், முப்பிடாதி, பலவேசம் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் இதே கதைதான். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யூனிட் கிளார்க் 1985-இல் காதில் விழுந்தபடி தட்டச்சு அடித்திருப்பார். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவன் இனிஷியல். சர்நேம் என்று கேட்கும் கட்டத்தில் நம் ஊரில் எழுத ஒன்றும் கிடையாது, யாரோ எதையோ எழுதி நிரப்பியிருப்பார்கள்.

இங்கே அவசரப்பட்டு ஆதாரைத் திருத்தக் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். இ-சேவை மையத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாய்ப்பை வீணாக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. முதலில் பி.பி.ஓ, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஐந்தையும் தரையில் வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். ஐந்தில் நான்கு ஒத்துப்போனால் ஐந்தாவதைத் திருத்துவது. ராணுவ ஏட்டில்தான் தப்பு என்றால் ரெக்கார்டு ஆபீஸுக்கு உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பம். ஓர் எழுத்து, இரண்டு எழுத்து வித்தியாசம் என்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழியோடு முடிந்துவிடலாம். பெயரே முழுக்க வேறு என்றால் நீண்ட வேலைதான், மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, மனைவியின் பெயரே ஏட்டில் இல்லாமல் போவது. ராணுவத்தில் கல்யாணம், பிள்ளைப் பிறப்பு, இறப்பு எதுவானாலும் பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவு ஆணையில் ஏற வேண்டும். இரண்டு மாத லீவில் வந்து தாலி கட்டியவர் திரும்பிப் போய்க் கிளார்க்கிடம் காகிதம் கொடுக்காமல் விட்டிருப்பார். முதல் மனைவி இறந்து இரண்டாவது கட்டியிருப்பார், ஏட்டில் முதல் பெயரே நிற்கும். ஓய்வுக்குப் பிறகு நடந்த கல்யாணமானாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அது ஏட்டில் ஏற வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம், அவர் போன பிறகு அந்தப் பெண் தன்னை அவர் மனைவிதான் என்று நிரூபிக்க அலையும் காரியமாகிவிடுகிறது. திருமணப் பதிவுச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

எல்லாம் ஒத்துப்போயிருந்தால் மேற்கொண்டு நடப்பது எளிது. இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழி நேரடியாகக் கணக்குக்கு வருகிறது. அதை நடத்துவது பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) உள்ள பி.சி.டி.ஏ பென்ஷன்ஸ் என்ற ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பை அறிவிக்கும் பகுதியில் இறப்புச் சான்றிதழை ஏற்ற வேண்டும். மனைவியின் விவரம் ஏற்கெனவே பி.பி.ஓ-வில் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வழி திறந்துவிடும். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத்தான். கணக்கு கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்தால் அதிலேயே தொடரலாம். தனிக் கணக்காக வைத்திருந்தால் அதற்கு ஒரு சுற்று அலைச்சல்.

இனி தொகை. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வரும் என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டாமல் விட்டால், பின்னால் வீண் சந்தேகம் வரும். ஒரு ஹவில்தார் கடைசியாக வாங்கிய சம்பளம், ராணுவப் பணி ஊதியம் எல்லாம் சேர்த்து 45,000 என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுக்குப் பின் இயற்கையாக இறந்தால் முதலில் கூடுதல் விகிதம், அதாவது 50 சதவீதம், 22,500. பிறகு சாதாரண விகிதம் 30 சதவீதம், 13,500. இரண்டுக்கும் மேல் அகவிலை நிவாரணம் தனி. கூடுதல் விகிதம் ஏழு வருஷம் அல்லது கணவர் உயிரோடிருந்தால் 67 வயது முடிந்திருக்கும் நாள், எது முந்துகிறதோ அதுவரை. அவர் 62 வயதில் இறந்தால் ஐந்து வருஷம்தான். இது சொல்லப்படாததால், ஆறாவது வருஷம் பணம் திடீரென்று குறையும்போது மகன் எடுத்துவிட்டான் என்றும் பேங்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்றும் குடும்பத்துக்குள் சண்டை மூள்கிறது. முதல் நாளே தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அந்த வினையே இல்லை.

பணியின் காரணமாக இறந்திருந்தால் அது சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம், இதே கணக்கில் 27,000. போர்க்களத்தில் இறந்திருந்தால் தாராளக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளம் முழுவதும். மரணத்துக்கும் பணிக்கும் உள்ள தொடர்பை மறுத்துச் சாதாரண விகிதத்தில் கொடுத்துவிட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கிளை சென்னையில். இந்த இரண்டு விகிதத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு பெண்ணின் ஆயுள் முழுக்கத் தொடரும் பணம். சும்மா விட்டுவிடலாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

80 வயதானவர்களின் சங்கதி என்னை அதிகம் வருத்துவது. ஓய்வூதியம் வாங்குபவருக்கும் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறில் அடிப்படைத் தொகை அப்படியே இன்னொரு மடங்கு. 13,500 வாங்கும் ஆச்சிக்கு 80-இல் 2,700 கூட வர வேண்டும், அகவிலை நிவாரணம் வேறு. ஆனால் பி.பி.ஓ-வில் அவள் பிறந்த தேதி இருக்காது. 1962-லும் 65-லும் 71-லும் சண்டைக்குப் போனவர்களின் மனைவிமார் பலருக்குப் பள்ளிக்கூடச் சான்றே கிடையாது. தேதி இல்லையென்றால் அமைப்பு தானாக எதையும் கூட்டாது. ஆச்சிக்கு 86 ஆகியிருக்கும், ஒரு பைசா கூடியிருக்காது. ஆதார், பான் போன்ற ஆவணத்தோடு பிறந்த தேதியைப் பதிய விண்ணப்பித்தால் சேர வேண்டிய நிலுவையும் சேர்ந்து வரும். ஊருக்குள் 80 தாண்டிய பட்டாளத்து வீட்டு ஆச்சிகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி, வீடு வீடாகப் போய்ப் பி.பி.ஓ-வைப் பார்க்கிற ஒருவர் இருந்தாலே அந்த ஊர் பிழைத்தது.

நவம்பர் வந்தால், ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடிருக்கிறார் என்று வருஷாவருஷம் கொடுக்கும் உயிர்ச் சான்று. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றிய கைகளை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் இலையும் தூளும் உருட்டிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இ-சேவை மையத்தில் கருவி 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆச்சி தன் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பாள். இதற்கு முகம் பார்த்துப் பதியும் வழி வந்துவிட்டது. போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி செயலியும் ஜீவன் பிரமாண் செயலியும் வேண்டும். முதலில் போன் வைத்திருப்பவர் தன் ஆதார், போன் எண், மின்னஞ்சல், முகம் கொடுத்து ஒரு முறை பதிய வேண்டும். பிறகு ஆச்சியின் விவரம். ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் எடுக்காது. கண்ணை இமைக்கச் சொல்லும், அந்த நேரம் பார்த்து ஆச்சி நம்மைப் பார்த்துத் திரும்பிவிடுவாள், பொறுமை வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஓய்வூதியம் வழங்கும் முகமை என்ற கட்டத்தில் பழக்கத்தில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதைத்தான் எடுக்க வேண்டும். பி.பி.ஓ எண்ணும் ஸ்பர்ஷ் கொடுத்த புது எண். குறுஞ்செய்தியில் பிரமாண் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அது பதிவானதற்கு அடையாளம்தான், ஏற்றுக்கொண்டதற்கு அல்ல. சில நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பார்த்தால்தான் நிம்மதி. 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1-லேயே கொடுக்கலாம், கூட்டம் இருக்காது.

இ.சி.எச்.எஸ் மருத்துவ அட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் இறந்ததும் மனைவிதான் முதன்மைப் பயனாளி, அதற்குப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழையதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால் நெருக்கடி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்படி ஆகும். அவசரத்துக்குத் திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் இ.சி.எச்.எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று போன் வந்தால், ஆம்புலன்ஸ் ஏற்றிய கையோடு இந்தத் தகவலையும் அனுப்பிவிடுகிறவரைத்தான் நான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பென்ஷனே இல்லாமல் வெளியே வந்தவர்களை ஊர் மறந்துவிடுகிறது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 வருஷம் வேண்டும். எட்டு வருஷம், பத்து வருஷத்தில் குடும்பச் சூழ்நிலையால் திரும்பியவர்கள் பலர். ஹவில்தார் வரையான ரேங்கில், 65 வயது தாண்டி, வருமானமில்லாமல் இருந்தால் அவருக்கோ அவர் மனைவிக்கோ வறுமை நிவாரணம் உண்டு. மாதம் 4,000 இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, கேந்திரிய சைனிக் போர்டு தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் பெயர் பதியாமலே நாற்பது வருஷம் இருந்தவர்கள் உண்டு. பதிவுதான் முதல் படி.

இரண்டு ஓய்வூதியம் பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவத்துக்குப் பின் அரசு வேலையிலோ வங்கியிலோ சேர்ந்து அங்கும் ஓய்வூதியத் தகுதி பெற்று இறந்தவரின் மனைவிக்கு, 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்ற பழைய எண்ணத்தில் ஒன்றை விட்டுவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ நடக்க முடியாத பிள்ளையோ உள்ள வீட்டில், பெற்றோர் இருவரும் இருக்கும்போதே அரசு மருத்துவச் சான்றோடு அந்தப் பிள்ளையின் பெயரை ஏட்டில் ஏற்றிவிட வேண்டும். சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு அந்த ஓய்வூதியம் ஆயுளுக்கும் உண்டு. இதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிள்ளையின் சோற்றோடு விளையாடுவதாகும்.

கடிதம் எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் வரியிலேயே நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு, ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ எண். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை மட்டும். மூன்று கோரிக்கையை ஒரே தாளில் எழுதினால் மூன்று மேசைக்குப் போக வேண்டும், எங்காவது ஒன்றில் தங்கிவிடும். அசலை ஒருபோதும் அனுப்பக் கூடாது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கடித நகலின் மேல் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால்தான் பேச்சு தொடரும்.

இவ்வளவு வேலைக்கும் கூலி வாங்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நகல் எடுத்த காசும் பஸ் காசும் வாங்கலாம், தப்பில்லை. நிலுவைத் தொகையில் பங்கு பேசுகிறவன் வேறு ஜாதி. கைம்பெண்ணிடம் வெற்றுத் தாளில் கைநாட்டும், ஏடிஎம் கார்டும், ரகசிய எண்ணும் வாங்கி வைத்துக்கொள்கிற புரோக்கர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பட்டாளத்தில் இருந்தவர்களே என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கேண்டீன் சரக்கை விற்றுக் காசு பார்ப்பவரையும் ஊர் மிலிட்டரிக்காரர் என்றே மரியாதையாகக் கூப்பிடுகிறது. போட்ட சீருடை ஒன்றுதான், ஆனால் முத்துப்பட்டன் நின்ற பக்கத்தில் இவர்கள் நிற்கவில்லை.

பையன்களுக்கு ஓடச் சொல்லிக் கொடுப்பவர்களும் என் கணக்கில் சேர்த்திதான். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி. எல்லாப் பையன்களும் முதல் சுற்றை 70-இல் பறந்துவிட்டு மூன்றாவதில் கழுத்துத் தொங்க நிற்பார்கள். தார் ரோட்டில் ஓடி முன்னங்கால் எலும்பு வலியோடு வருவார்கள். வறண்ட குளத்து மண்ணில் ஓட வைத்து, கையில் கடிகாரத்தோடு முதல் சுற்றை 82-இல் அடக்கி வைப்பதே பாதிப் பயிற்சி. புல்-அப் பத்து எடுத்தால் 40 மதிப்பெண். இதை அதிகாலை நாலரைக்கு எழுந்து இலவசமாகச் செய்கிறவர், இன்னொன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். நான்கு வருஷத்தில் திரும்பும் அக்னிவீரருக்கு ஓய்வூதியம் கிடையாது, கையில் வருவது சேவா நிதி என்கிற மொத்தத் தொகை. பணிக்காலத்தில் 48 லட்சம் காப்பீடு உண்டு. அதற்கு வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது வீட்டில் தெரிய வேண்டும். கல்யாணம் முடிந்தால் முதல் லீவு முடிந்து திரும்பிய அன்றே பார்ட் டூவுக்குக் காகிதம் கொடுக்க வேண்டும்.

உயிரோடிருக்கும் பட்டாளத்துக்காரர் தன் வீட்டுக்குச் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில், பெரிய எழுத்தில்: நம்பர், ரேங்க், ஏட்டில் உள்ளபடி தன் பெயர், ஏட்டில் உள்ளபடி மனைவி பெயர், இருவர் பிறந்த தேதி, ஸ்பர்ஷ் பி.பி.ஓ எண், எந்த பேங்க், எந்தக் கிளை, ரெக்கார்டு ஆபீஸ் முகவரி, இன்ஷூரன்ஸ் சான்றிதழ் எங்கே இருக்கிறது, இறந்தால் முதலில் போன் செய்ய வேண்டிய இரண்டு பேர். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பெயர்களை மட்டும் எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுத வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பிறகு மனைவியை உட்கார வைத்து ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவள் என்றால் மகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். சாவியின் இன்னொரு பிரதி அடுக்களையில், அவள் கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும்.